217 என்ற எண்

சனிக்கிழமை மதியம். அந்தப் பழைய அலுவலகத்தில் ஆளரவமே இல்லை. லிப்ட் இன்னும் சரியாகவில்லை. நெட்வொர்க் என்ஜினீயர் நான்கு மாடி ஏறி, மூச்சு வாங்க சர்வர் அறைக்குள் நுழைந்தான். சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் மின்விசிறிகளின் இரைச்சலும் அவனைச் சூழ்ந்துகொண்டன.

ஊழியர்கள் வீட்டிலிருந்தபடியே அலுவலக எண்ணில் பேசவும், வீடியோ கூட்டங்களில் கலந்துகொள்ளவும் பாதுகாப்பான இணைப்பு தர வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை.

முடித்திருந்தால் குரலக்கா இருந்திருப்பாள்.

தொலைபேசிப் பிரிவில் இருபது வருடம் இருந்தவள். கொதித்துப் போய் அழைப்பவர்களும் அவள் குரலைக் கேட்டால் தணிந்துவிடுவார்கள். அதனால் அந்தப் பெயர். இதயம் பலவீனம், படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவனிடம்தான் வந்தாள்.

"தம்பி, வீட்டுலேர்ந்தே பேசுற மாதிரி செஞ்சு குடுப்பா."

"அடுத்த வாரம் கண்டிப்பா, அக்கா."

அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமானது. வேறு காரணமில்லை, சோம்பல்தான். ஒரு காலையில் மூன்றாம் மாடிப் படியில் சரிந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

நாற்பது பேருக்கும் அனுமதி கொடுத்து, சோதனைக்காக இணைப்பைத் திறந்தான். ஊழியர்களுக்குத் திங்கட்கிழமைதான் சொல்லப்போகிறார்கள். இப்போது யாரும் உள்ளே வர வழியில்லை.

திரையில் ஓர் எண் பச்சையாக ஒளிர்ந்தது. 217.

அவளுடைய எண்.

அதற்கு அவன் அனுமதியே கொடுக்கவில்லை. நீக்கினான். மறுபடி வந்தது. எங்கிருந்து இணைந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தான்.

கட்டடத்துக்குள்ளிருந்து.

மேஜைத் தொலைபேசி அலறியது. எடுத்தான். பேச்சில்லை. மூச்சு மட்டும். இரைக்க இரைக்க, நின்று நின்று வரும் மூச்சு. கூடவே செருப்பொலி. ஒரு படி. இளைப்பாறல். இன்னொரு படி.

அதே ஓசை கதவுக்கு வெளியே, கீழ்ப் படிக்கட்டிலிருந்தும் கேட்டது.

"வந்துட்டேன் தம்பி... இன்னும் ஒரு மாடிதான்... லேட்டாயிடுச்சா?"

கதவைப் பூட்ட எழுந்தான். ஆனால் அந்த மூச்சிரைப்பைக் கேட்கக் கேட்க அவனுக்கு மனசு வரவில்லை.

"ஏறாதீங்கக்கா," என்றான். "தப்பு என் மேலதான். இனிமே நீங்க வரவே வேணாம். வீட்டுலேர்ந்தே பேசலாம். இதோ, இப்பவே."

நாற்பத்தோராவது அனுமதியைக் கொடுத்தான்.

படியோசை நின்றது.

திரையில் 217 ஒரு நொடி அணைந்து மீண்டும் எரிந்தது. இம்முறை வெளியிலிருந்து.

சற்று நேரத்தில் அவனுடைய கைபேசி அடித்தது. அக்காவின் கணவர். இணைப்புக் கொடுக்க வருவதாகச் சொல்லி அவன் என்றோ கொடுத்த எண்ணை வைத்திருந்தார். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"தம்பி, அவ ரூம்ல பேச்சுக் குரல் கேக்குது. 'வணக்கம், சொல்லுங்க'ன்னு... கதவத் தொறந்தா யாருமில்ல. அவ கம்ப்யூட்டர் மட்டும் எரியுது."

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"நிறுத்திடவா சார்?"

மறுமுனையில் அடக்க முடியாமல் ஒரு விம்மல்.

"வேணாம்ப்பா. பேசட்டும்."