கயிற்றின் மறுமுனை

பட்டாளத்தாரின் கையிலிருந்த டீ டம்ளர் தானாகச் சாய்ந்தது. அவர் சாய்க்கவில்லை. இடது மணிக்கட்டை யாரோ கீழ்நோக்கி ஒருமுறை வெடுக்கென்று இழுத்துவிட்டதுபோல் இருந்தது. சூடான டீ மடியில் கொட்டியது.

"கை நடுங்க ஆரம்பிச்சாச்சா?" என்று துணியை எறிந்தாள் மனைவி. "இன்னைக்கு விசாரணைன்னதும் நேத்துலேருந்தே நீங்க ஒரு நிலையில இல்லீங்க."

"நடுங்கலடி. இழுத்துச்சு."

"எது இழுத்துச்சு?"

அவர் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார். அங்கே, சுருங்கிய தோலைச் சுற்றி, முறுக்கின கயிறு பதிந்த தடம் சிவந்து கிடந்தது. இதை அவளிடம் காட்டினால் இன்றைக்கு வாசலைத் தாண்ட விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

தெருவில் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பிடிவாதக்காரக் கிழம் என்பார்கள். இரண்டும் பொருத்தமான பெயர்தான். படையை விட்டு வந்து முப்பது வருஷமாகியும் ஒரே ஒரு திருத்தத்துக்காக ஆவணப் பிரிவின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறவர் வேறு என்னவாக இருக்க முடியும்? அதுவும் தன்னுடைய பதிவில் இல்லை. கூட நின்றவனுடைய பதிவில்.

கூட நின்றவன் நெட்டையன். மலைமேல் இரண்டு காவல் குழிகள். ஒன்றில் இவர், மற்றதில் அவன். கூப்பிடு தூரம்தான், ஆனால் கூப்பிட்டால் எதிரிக்கும் கேட்கும். போன் கம்பி அறுந்துபோயிருந்தது. அதனால் கூடாரக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, இந்த முனையை இவர் மணிக்கட்டிலும் அந்த முனையை அவன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டார்கள். ஒருமுறை இழுத்தால், இருக்கியா? பதிலுக்கு ஒருமுறை இழுத்தால், இருக்கேன். சேர்ந்தாற்போல் இரண்டுமுறை இழுத்தால், உடனே வா. அன்றிரவு மழையும் குண்டும் ஒன்றாகக் கொட்டின. விடியும்வரை ஒற்றை இழுப்பு வந்துகொண்டே இருந்தது. இவரும் ஒற்றை இழுப்பாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். விடிகிற நேரத்தில் தொடையில் குண்டுச்சிதறல் பட்டு நினைவிழந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நெட்டையனின் பதிவை எழுதி முடித்திருந்தார்கள். அன்றிரவுக்கு முந்தின சாயங்காலமே காவலை விட்டு ஓடிப்போனவன் என்று.

அந்த ஒரு வரியால் அவனுடைய அப்பா சாகும்வரை மகன் பெயரைச் சொல்லவில்லை. அக்கா அவன் போட்டோவை இன்றைக்கும் பீரோவுக்குள், சேலைகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். "நாளைக்குப் போட்டோ மாட்டலாம், சுவத்துல ஆணி அடிச்சு வைங்கக்கா" என்று நேற்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஆவணப் பிரிவில் விசாரணை அறை தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. படியிறங்கும்போதே வாசனை அடித்தது. பழைய காகிதமும் பூச்சி மருந்தும் மட்டுமல்ல, அதற்கும் அடியில், மழையில் ஊறி ஊறிக் கனத்த மண்ணின் வாசனை. வெளியே சுள்ளென்று வெயில். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்ற, அதன் நிழல் சிமெண்ட் தரைமேல் விழுந்து, ஒரு இடத்தில் மட்டும், மேசைக்கு அடியில் மட்டும், ஈரத்தில் விழுந்ததுபோல் மினுங்கியது.

அதிகாரி ஒரு பெண். இந்த வேலைக்குப் புதிது. அதனால்தான் இத்தனை வருஷம் யாரும் செய்யாததைச் செய்திருந்தாள்: பழைய படைப்பிரிவுத் தலைவரைத் தேடிப்பிடித்து வரவழைத்திருந்தாள். அவரை அப்போது எல்லாரும் மீசை என்றுதான் சொல்வார்கள். இப்போது மீசை நரைத்து ஒட்டடைபோல் தொங்கியது. அதிகாரம் மட்டும் நரைக்கவில்லை.

"இன்னும் உயிரோடத்தான் இருக்கியா?" என்றார் மீசை.

"உங்களப் பாக்காமப் போயிடுவேனா சார்?"

அதிகாரி பேனாவைத் திறந்து மீசையிடம் திரும்பினாள். "நீங்க அன்னைக்குச் சாயங்காலம் போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. குழியில ஆளே இல்ல. ஓடிட்டான். இவன் கயிறு கயிறுன்னு பேத்திக்கிட்டிருக்கான். தூக்கக் கலக்கம். காத்துல கயிறு ஆடியிருக்கும்."

"தூங்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, இதை இத்தோட முடிச்சிக்கலாம்னு இவர் சொல்றாரு" என்று அதிகாரி தயக்கத்தோடு பட்டாளத்தாரைப் பார்த்தாள்.

"என் கை அழுகி விழுந்தாலும் போடமாட்டேன்மா."

சொல்லி வாய் மூடவில்லை. இழுத்தது.

இந்த முறை மூன்று பேரும் பார்த்தார்கள். மேசைமேல் இருந்த கை தடாலென்று விளிம்பைத் தாண்டித் தரையை நோக்கித் தொங்கியது. சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டைச் சுற்றித் தோல் தானாகக் குழிந்து, வெளுத்து, முறுக்கு முறுக்காய்ப் பதிந்தது. கயிறு இல்லை. இறுக்கம் மட்டும் இருந்தது.

பட்டாளத்தாருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. வாசனை மூக்கை அடைத்தது. ஈர மண். அதே மண். அப்போதுதான், முப்பது வருஷம் கழித்து, கேட்க வேண்டிய கேள்வி அவருக்கு உறைத்தது.

"சார். குழியில ஆள் இல்லன்னீங்க. குழி இருந்துச்சா?"

மீசையின் கண் அந்தத் தடத்தை விட்டு நகரவில்லை.

"குழி இருந்துச்சான்னு கேக்கறேன்."

"மலை சரிஞ்சிடுச்சு" என்றார் மீசை. குரல் யாருடையதோபோல் வந்தது. "வெறும் சேறு. காலையிலதான் போனேன். கயிறு சேத்துக்குள்ள போயிருந்துச்சு. புடிச்சு இழுத்தேன். வரல."

"அப்புறம்?"

"கீழ எறங்கச் சொல்லி உத்தரவு. தோண்ட ஆள் ஏது, நேரம் ஏது?"

"நீங்க இழுத்ததுக்கு அது திருப்பி இழுத்துச்சா சார்?"

மின்விசிறி நின்றுபோனது.

"கயித்த வெட்டிட்டேன்" என்றார் மீசை. "உசிரோட ஒருத்தன விட்டுட்டு வந்தேன்னு எழுத முடியுமா?"

இரவு முழுக்க. மண்ணுக்கடியில். இருக்கியா என்று அவன் கேட்டான். இருக்கேன் என்று இவர் சாவகாசமாகப் பதில் சொன்னார். இரண்டாவது இழுப்புக்கு அவனுக்குத் தெம்பில்லை. பட்டாளத்தாரின் அழுகையை ஆத்திரம் விழுங்கியது. பயம் இருந்த இடம் தெரியவில்லை.

அவர் எழுந்து நின்றார். இடது கையை மடக்கி, பல்லைக் கடித்து, மேல்நோக்கி ஒருமுறை பலமாக இழுத்தார்.

"இருக்கேன்டா நெட்டையா" என்றார் தரையைப் பார்த்து. "எங்கயும் போகல. உன் கயித்த அறுத்தவனும் இங்கதான் உக்காந்திருக்கான்."

மணிக்கட்டு தளர்ந்தது. தோல் பழையபடி எழும்பியது.

மீசை நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு கதவுக்கு விரைந்தார். இரண்டடி வைப்பதற்குள் அவருடைய வலது கை பின்னால், மேசைக்கு அடியை நோக்கிக் கீழே போனது. அன்று கத்தியைப் பிடித்த கை. தோள் சாய்ந்தது. முழங்கால் மடிந்தது. கன்னம் தரையில் மோதியது. அவர் கத்தவில்லை, கத்துவதற்கு மூச்சு வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது, மண் அடைத்தவன் வாய்போல.

"டேய்... புடிடா... என்னப் புடிடா..." குரல் வெறும் காற்றாக வந்தது.

பட்டாளத்தார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தோண்ட ஆள் இல்ல சார்."

அதிகாரி சுவரோடு ஒட்டியிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. பட்டாளத்தார் மேசையிலிருந்த பேனாவை எடுத்து அவள் விரலில் வைத்தார்.

"பயப்படாதீங்கம்மா. அவன் தங்கமான பையன். எழுதுங்க."

"என்ன... என்னன்னு எழுதறது?"

"ஓடலன்னு எழுதுங்க. காவலை விடல. இன்னும் நிக்கறான்."

பேனா காகிதத்தில் ஊர்ந்தது. அறையில் அந்தச் சத்தம் மட்டுமே. அப்புறம் மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு சத்தம். சேற்றுக்குள் கை விட்டால் வருமே, அந்தக் கொழகொழ சத்தம்.

அவள் கீழே பார்த்தாள்.

சிமெண்ட் தரையில் விரிசல் இல்லை. ஓட்டை இல்லை. மீசையின் கை முழங்கைவரை உள்ளே போயிருந்தது.

அந்தக் கையை அது ஒருமுறை இழுத்தது.

உடனே, சேர்ந்தாற்போல், இன்னொரு முறை.