பூஜ்யத்திலிருந்து நாலு வரை

டிரிங்... டிரிங்...

பூட்டிய வீட்டுக்குள் போன் அடித்தது!

கலைமகள் காதிலிருந்து தன் செல்போனை எடுத்தாள். கதவைப் பார்த்தாள். வெளிப்பக்கம் பூட்டு. உள்ளே அடிப்பது அவள் போட்ட கால்!

வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணி.

தறிக்காரர் பொன்னுசாமி போனை வைத்துவிட்டு டீக்கடைக்குக்கூடப் போகாதவர். அவருக்கு தினம் வருவதே ஒரே ஒரு கால். அதுவும் கலைமகளுடையது. ஏழு மணிக்கு முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவார்.

இன்று நாலு தடவை போட்டும் எடுக்கவில்லை. அதனால்தான் ஓடி வந்தாள்.

ஜன்னலைத் தள்ளி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ...!"

தறிக்குக் கீழே கால் மிதிக்கும் குழிக்குள் பொன்னுசாமி மல்லாந்து கிடந்தார். தலைக்குக் கீழே ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சட்டைப்பைக்குள் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

ஆரணி காவல் நிலையம். பகல் பதினொன்று.

இன்ஸ்பெக்டர் காத்தவராயன் இட்லி பார்சலைத் தள்ளி வைத்தார். காலையில் வாங்கியது. சாப்பிடச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால் ஆறிப்போயிருந்தது.

"செத்தவர் போன்ல அறுபத்தி நாலு நாளா உன் நம்பர் மட்டும்தான் கீது. இன்னாம்மா கதை?"

"ஆய்வு சார்... கவர்மெண்ட் பணத்துல நடக்குது. தனிமை மனுசன் ஒடம்பை இன்னா பண்ணுதுன்னு பார்க்கறாங்க. தினம் காலைல போன் பண்ணி அஞ்சு கேள்வி கேக்கணும்."

"இன்னா கேள்வி?"

"ஒண்டியா கீறாப்ல தோணுதான்னு. பூஜ்யம்னா இல்ல. நாலுன்னா தாங்க முடியல."

ஏட்டு முருகேசன் உள்ளூர்க்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க சார்! அவர் ஒருத்தர்தான் என்னைத் திருப்பிக் கேப்பாரு. 'நீ சாப்ட்டியா பாப்பா?'ன்னு..."

அவள் குரல் உடைந்தது. முப்பத்தி நாலு வயது. சந்தவாசலிலிருந்து பிழைக்க வந்து, ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க இனி ஒரு ஈ காக்கா கிடையாது.

"அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம். நேத்து மூணு மணிக்கு நீ அந்த வீட்டாண்ட நின்னத எதிர்வீட்டுக்காரி பார்த்துகீறா."

"ஆமா சார். உன்னைப் பார்க்கணும், மதியம் ஆரணி ஆபீசுக்கு வரேன்னு காலைல போன்ல சொன்னாரு. வரல. போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்துச்சு. திரும்பிட்டேன்."

"பொய்!"

காத்தவராயன் மேஜையில் அறைந்தார். பிறகு பக்கத்திலிருந்தவனைப் பார்த்தார். "சொல்லுங்க சுதாகர்."

சுதாகர், வேலூர் ஆபீசில் இந்த ஆய்வுக்கு மேலாளர். ஊர் கோயமுத்தூர். தேய்த்த சட்டை, மடியில் லேப்டாப்.

"பொன்னுசாமி கையில ஒரு பட்டை கட்டியிருக்கோமுங்க. நாடித்துடிப்பு, கையசைவு எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் எங்க கம்ப்யூட்டருக்கு வந்துடும். நேத்து மூணு பத்து வரைக்கும் அவரு தறி ஓட்டியிருக்காருங்க. அப்புறம் எல்லாமே நின்னுடுச்சு."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பன்னண்டு மணியிலிருந்து வேலூர்ல மீட்டிங்குங்க. இருபது பேர் சாட்சி!"

காத்தவராயன் கலைமகள் பக்கம் திரும்பினார். "மூணு மணிக்கு உள்ள ஆளு தறி ஓட்டிகினு கீறாரு. நீ பூட்டியிருந்துச்சுங்கற! உள்ள போய்த் தள்ளிட்டு, நீயேதான் பூட்டிகினு வந்த!"

"இல்ல சார்!"

"முருகேசன், அரெஸ்ட் பண்ணு!"

ஜெயிலா? கலைமகள் யாரிடம் சொல்வாள்? ஜாமீனுக்கு யார் வருவார்கள்?

சுதாகர் லேப்டாப்பை மூடப் போனான். திரையில் நேற்றைய வரைபடம்... தறி அசைவு மேலும் கீழுமாகக் கோடு போட்டிருந்தது.

தறி...

நேற்று...

"சார்! நேத்து அமாவாசை!" கலைமகள் கத்தினாள்.

"அதுக்கு இன்னா?" காத்தவராயன் கலசப்பாக்கத்து விவசாயி மகன். தறி சங்கதி தெரியாது.

முருகேசனுக்குத் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

"அட ஆமா சார்! அமாவாசை அன்னிக்கு ஆரணியில எவன் தறியில குந்துவான்? ஊருக்கே லீவு சார்!"

"என் நோட்டைப் பாருங்க சார்!" கலைமகள் படபடத்தாள். "மத்த நாள்ல ரெண்டு, மூணுன்னு சொல்லுவாரு. அமாவாசை வந்தா நாலு! 'டக்கு டக்குன்னு தறியாவது பேசிகினு கீறும், இன்னிக்கு அதுவும் இல்ல பாப்பா'ன்னு நேத்துகூட சொன்னாரு. புதன்கிழமை வரைபடத்தை எடுத்துப் பக்கத்துல வைக்கச் சொல்லுங்க சார்!"

சுதாகரின் விரல் நகரவில்லை.

"ஜல்தி!" என்றார் காத்தவராயன்.

இரண்டு கோடுகள் அக்கம்பக்கமாக வந்தன. புதன் பன்னண்டு இருபதுக்குச் சாப்பிட எழுந்தது, வியாழனும் பன்னண்டு இருபது. ஒன்றேகாலுக்கு மறுபடி தறி, ஒன்றேகாலுக்கு மறுபடி தறி. அச்சு அசல்!

"புதன்கிழமைய வெட்டி வியாழன்ல ஒட்டிகீறாரு சார்! பாஸ்வேர்டு இவர்கிட்ட மட்டும்தான். மூணு மணிக்கு நான் போன் போட்டு, பூட்டியிருக்கு சார்னு சொன்னதே இவர்கிட்டதான். அதான் என்னை மாட்டிவுட மூணு பத்துக்கு நிறுத்திகீறாரு!"

நாற்காலி சாய்ந்தது. சுதாகர் வாசலுக்குப் பாய்ந்தான். முருகேசனின் கால் குறுக்கே நீண்டது. தேய்த்த சட்டை மண்ணில் புரண்டது!

"ஏன்டா கொன்ன?"

"வேணும்னு பண்ணலைங்க... நேத்து காலைல ஒம்பது மணிக்குப் பட்டைய சரிபார்க்கப் போனேன். மடியில இருந்த ஆய்வு ஆளுங்க லிஸ்ட்டை அவரு பார்த்துட்டாரு. சட்டையப் புடிச்சாரு. தள்ளிட்டேன்..."

காத்தவராயன் லிஸ்ட்டை வாங்கினார். நூற்று இருபது பேர். நூற்றுப் பத்தொன்பதாவது பெயர்... சின்னம்மாள். பொன்னுசாமியின் அதே தெரு, அதே கதவு எண். தனிமை: பூஜ்யம்.

"யாரு இது?"

"பொன்னுசாமி பெரிப்பாவோட சம்சாரம் சார்," கலைமகள் மெதுவாகச் சொன்னாள். "செத்து ரெண்டு வருசம் ஆச்சு."

"நூத்தி இருபது பேரு காட்டுனாத்தான் பணம் வரும், ஆளு கெடைக்கலைங்க," சுதாகர் தரையைப் பார்த்துச் சொன்னான். "பழைய ரேஷன் கார்டு லிஸ்ட்ல இருந்து நாப்பது பேரு... எல்லாருமே செத்தவங்க. எல்லாருக்கும் பூஜ்யம் போட்டேன். செத்தவங்கன்னா யாரு வந்து கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"கேக்கறதுக்கு அந்தம்மாவுக்கு ஒரு ஆளு இருந்தாரேடா!" என்றார் காத்தவராயன்.

சனிக்கிழமை. காலை ஏழு மணி.

பழக்கதோஷம். கலைமகளின் விரல் அந்த நம்பரைப் போட்டுவிட்டது. சே! வெட்டப் போனாள்...

முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள்!

"கேளும்மா... அஞ்சு கேள்விதானே?"

காத்தவராயன்! பொன்னுசாமியின் போன் கேஸ் கட்டோடு அவர் மேஜையில் இருந்தது.

கலைமகள் நோட்டைப் பிரித்தாள். "இன்னிக்கு... ஒண்டியா கீறாப்ல தோணுதா சார்?"

அந்தப் பக்கம் பார்சல் பிரிக்கும் சத்தம் நின்றது.

"நாலு போட்டுக்க. உனக்கு?"

"எனக்கும் நாலுதான் சார்."

"சாப்ட்டியா?"

அவள் அழுதுவிட்டாள்.

"அட, அழாதம்மா, பேஜாரா கீது. நாலுன்னா உசுரோட கீறோம்னு அர்த்தம். இந்த ஊர்ல பூஜ்யம் சொன்ன நாப்பது பேரும் செத்தவங்க!"