படத்தில் சிரிப்பவர் காலமானார்

செல்போன் அலறியது.

திண்டிவனம் மரக்காணம் சாலையில், 'பூமாலை பழைய பொருள் நிலையம்' என்கிற தகரக் கொட்டகைக்குள், எவனோ விற்ற சோபாவில், எவனோ விற்ற ஃபேனுக்குக் கீழே, பூமாலை தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கம் மட்டும் சொந்தம்.

"ஹலோ... பூமாலை பழைய பொருள்."

"விழுப்புரத்துலருந்து இன்ஸ்பெக்டர் அருணா பேசறேன். ராஜாமணின்னு ஒருத்தரத் தெரியுமா?"

"லாண்ட்ரிக்காரருங்களா? தெரியுங்க மேடம். நேத்து மத்தியானம்தான் அவராண்ட ஒரு கரி இஸ்திரி பொட்டி வாங்கியாந்தேன். இன்னா விசயங்க?"

"எப்ப செத்தாரு?"

"யாரு?"

"அவருதான்."

"இன்னா மேடம் நீங்க... அவரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு. எனக்கு மல்லாட்டை அவிச்சுத் தின்னக் குடுத்தாரே."

"காலையில பொணமாக் கெடந்தாரு. மண்டை ஒடஞ்சு."

பூமாலை எழுந்து உட்கார்ந்தான். சோபா ஸ்பிரிங் குத்தியது. உறைக்கவில்லை.

"ஆனா நீ நேத்து மத்தியானமே இன்டர்நெட்டுல போட்டுட்டியே... அவரு காலமாயிட்டாருன்னு."

"மேடம்..."

"கடையிலயே இரு. வந்துக்கிட்டு இருக்கோம்."

போன் அடங்கியது. பூமாலையின் இதயம் அடங்கவில்லை!

எல்லாம் அந்த மிஷின் செய்த வேலை.

பூமாலை அதை மிஷின் என்றுதான் சொல்வான். புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரன் ஏ.ஐ. என்று சொல்லித் தலையில் கட்டியது. பொருளைப் படம் பிடித்துப் போட்டால் போதும். அதுவே தலைப்பு வைக்கும். அதுவே வர்ணிக்கும். அதுவே விலை போட்டு விளம்பரத்தை ஏற்றும். 'லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ' என்று கேட்கிற அத்தனை பேரிடமும் இரவு பகலாகப் பல்லைக் காட்டும்.

பூமாலைக்கு மிச்சமிருந்த ஒரே வேலை தூங்குவது. அதை அவன் மனசாட்சியோடு செய்தான்.

வினை ஒரு டிரெட்மில்லில் ஆரம்பித்தது.

நிஜமாகவே செத்துப்போன ஒரு வாத்தியாருடைய டிரெட்மில். 'உரிமையாளர் மறைந்துவிட்டார்' என்று உண்மையை எழுதியதும், கேட்ட விலைக்குப் போனது. பேரமே இல்லை! சாவு வீட்டில் விலையைக் குறைத்துக் கேட்க எப்பேர்ப்பட்டவனுக்கும் நாக்கு கூசுகிறது.

பூமாலை என்கிற மேதை உடனே மிஷினுக்கு உத்தரவு போட்டான். 'இனிமே எல்லாத்துக்கும் இதே மாதிரி எழுது.'

மிஷின் எழுதியது.

மிக்ஸி... உரிமையாளர் மறைந்துவிட்டார். கட்டில்... மறைந்துவிட்டார். தண்ணீர் டேங்க்... மறைந்துவிட்டார். அவ்வளவு பேர் நிஜமாகச் செத்திருந்தால் திண்டிவனம் தாலுகாவில் ரேஷன் கடைக்குக் கூட்டமே இருந்திருக்காது. ஒரு தடவை நடைவண்டிக்கும் அப்படியே எழுதிவிட்டது. அதை மட்டும் பூமாலையால் தாங்க முடியவில்லை. உடனே அழித்தான். மற்றவர்களைச் சாகவிட்டான்.

ஆனால் இதுவரை செத்த எவனுக்கும் முகம் இருந்ததில்லை.

நேற்று ராஜாமணி, "என்னியும் சேத்து எடு தம்பி" என்று இஸ்திரிப் பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. பூமாலை எடுத்தான். மிஷின் ஏற்றியது.

'எங்கள் அன்புத் தந்தையின் கரி இஸ்திரிப் பெட்டி! படத்தில் சிரிப்பவர் காலமானார். பேரம் பேசி எங்கள் மனத்தைப் புண்படுத்த வேண்டாம்!'

ஜீப் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் இன்ஸ்பெக்டர் அருணா. அடுத்து ஏட்டு சவுரிராயன். மூன்றாவதாக இறங்கியவன், வெள்ளைச் சட்டையும் வீங்கிய கண்ணுமாக நேரே பாய்ந்து வந்து பூமாலையின் சட்டையைப் பிடித்தான்.

"இவன்தான் மேடம். உசுரோட இருந்த மனுசனுக்குக் கருமாதி பத்திரிகை அடிச்ச நாயி."

"நீங்க யாருங்க?" என்றான் பூமாலை, சட்டைக்குள் தொங்கியபடி.

"ஆனந்தராஜ். ராஜாமணியோட மருமவன். என் மாமனாரு ஒனக்கு இன்னாடா பாவம் பண்ணாரு?"

சவுரிராயன் விலக்கிவிட்டார். "வுடுங்க சார். சட்ட கிழிஞ்சா அதையும் செகண்ட் ஹேண்டுல வித்துருவான்."

"இந்தப் படுபாவி போட்டத நான்தான் மேடம் ஆப்புல பாத்துட்டு உங்களாண்ட ஓடியாந்தேன்." ஆனந்தராஜின் குரல் உடைந்தது. "இவன உள்ள தள்ளாம நான் வூட்டுக்குப் போவமாட்டேன்."

"போக வேணாம். வெளிய சேர்ல உக்காருங்க," என்றாள் அருணா.

அவன் போய் வாசலுக்கு அப்பால், பேச்சுக் காதில் விழாத தூரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் விழுந்தான். அருணா பூமாலையின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு. அவரு சாகப் போறாருன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதுங்க. மிஷினு எழுதுச்சு."

"மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கும் தெரியாதுங்க. அது எல்லாரையும் சாவடிக்கும்."

போனை நீட்டினான். அருணா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சாவு, சாவு, சாவு.

"இந்தத் தையல் மிஷினுக்குச் சொந்தக்காரம்மா?"

"தோ, எதிர்ல டீ வாங்கிக்கினு போறாங்களே... அவங்கதான்."

செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போல் அவனைப் பார்த்தாள் அருணா.

"நீ பேசறத கேட்டா எனக்கே வெக்கமா இருக்கு. அவரக் கடைசியாப் பாத்தவன் நீ. சாவ மொதல்ல அறிவிச்சவனும் நீ. சாயந்தரம் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தறேன். மிஷின் கதைய அங்க சொல்லு, அவரும் சிரிக்கட்டும்."

"மேடம், பொய் எழுதனதுக்கு வேணா உள்ள போடுங்க. கொலைக்குப் போடாதீங்க. ஒரு கோழியக் கூட நான் மொறச்சதில்ல."

அருணா ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். உள்ளே கருத்துப்போன ஒரு மரத்துண்டு.

"பொணத்துக்குப் பக்கத்துல கெடந்துச்சு. இது எனக்கும் ஏட்டுக்கும் மட்டுந்தான் தெரியும். மருமகன்கிட்டகூடச் சொல்லல. என்னன்னு சொல்லு."

"கைப்பிடிங்க. கரி இஸ்திரி பொட்டியோட கைப்பிடி."

"அப்ப ஒன் பொட்டியக் கொண்டா."

கொண்டு வந்து வைத்தான். முகப்பில் 'ரா.ம.' என்று வெட்டிய எழுத்து. மேலே கைப்பிடி... முழுசாக இருந்தது!

அருணாவின் புருவம் முடிச்சிட்டது.

"அவராண்ட இது ஜோடிங்க. ரெண்டுலியும் இதே எழுத்து," என்றான் பூமாலை. "இன்னொன்ன கதவுக்கு முட்டு குடுத்து வெச்சிருந்தாரு. கெஞ்சிப் பாத்தேன், தரல."

"வீட்ல அப்படி எதுவும் இல்ல."

"அப்ப அதாலதான் அடிச்சிருக்கான். கைப்பிடி கழண்டுக்கினு வந்துருக்குது. பொட்டிய எந்த ஏரியிலயோ கடாசிட்டான்."

"அடிச்சது நீயா இருந்தா?"

பூமாலை யோசித்தான். அவன் யோசித்துப் பல மாதம் ஆகிறது. எல்லாவற்றையும் மிஷினிடம் விட்டிருந்தான். உள்ளே துருப்பிடித்த ஏதோ ஒன்று கிறீச்சென்று சுழன்றது.

"மேடம், இத வெச்சே அந்தப் பொட்டி விக்கிதுன்னு ஒரு விளம்பரம் போடறேன். ஏரியிலருந்து எவனோ எடுத்துட்டான்னு அவனுக்கு வயித்த கலக்கும். வாங்க வருவான்."

"காபிக் கடைக்காரங்களும் ஷோவுக்கு வெக்க வாங்குவாங்க. எவன் கொலகாரன்னு நெத்தியில எழுதியிருக்குமா?"

"பழைய பொருள் வாங்கறவன் இன்னா பண்ணுவாங்க? பொருள மட்டம் தட்டுவான். அது நொள்ள, இது நொட்டன்னுவான். கைப்பிடி தெரியாத மாதிரி படம் போடறேன். படத்துல இல்லாத நொட்டைய எவன் சொல்றானோ..."

அருணா முதல் முறையாக அவனை மனிதனைப் பார்ப்பது போல் பார்த்தாள். உடனே அந்தப் பார்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"சவுரி, டீ சொல்லுங்க. டீ தீர்ற வரைக்கும் இவனுக்கு டைம்."

பூமாலை 'ரா.ம.' எழுத்து மட்டும் பளிச்சென்று தெரிய, பெட்டியின் மூக்குப் பக்கமாகப் படம் எடுத்தான். தன் பெயரில் போடவில்லை. மிஷின் கைவசம் பல பொய்ப் பெயர்கள் உண்டு. அதில் ஒன்று, 'கலைப்பிரியா, விழுப்புரம்.' அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை. மிஷின் கொல்லாத ஒரே ஆள் அவள்தான்.

விளம்பரம் ஏறியது. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் ஆள் புதுச்சேரி ஓட்டல்காரர். ஆங்கிலத்தில் ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் காணாமல் போனார்.

இரண்டாவது ஆளுக்கு முகம் இல்லை. ரோஜாப்பூ படம். பெயருக்குப் பதில் ஒரு புள்ளி.

'இது எங்க கெடச்சிது?'

மிஷின் பாய்ந்தது. 'வணக்கம் சார்! மிக அருமையான கேள்வி! இது ஒரு பாரம்பரியப் பொக்கிஷம்!'

'எங்கன்னு கேட்டேன்.'

'தங்களைப் போன்ற ரசனையாளர்களுக்காகவே காத்திருக்கிறது சார்!'

"கொமட்டுதுய்யா," என்றாள் அருணா.

"எனக்குப் பழகிட்டுதுங்க."

'நானே எடுத்துக்கறேன். வேற யாருக்கும் குடுக்காத. எவ்ளோ?'

'இரண்டாயிரத்து ஐந்நூறு மட்டுமே சார்!'

அருணா டீ கிளாஸை வாய்க்கருகில் நிறுத்தினாள். மூளையுள்ள கொலைகாரன் இந்த இடத்தில் என்ன செய்வான்? பொத்திக்கொண்டு பணத்தை அனுப்புவான். பெட்டியை வாங்கிக் கோட்டக்குப்பம் கடலில் போட்டுவிட்டுப் புண்ணியம் தேடுவான். தூக்குக் கயிற்றுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு கொள்ளை மலிவு.

'ஆயிரம்.'

'மன்னிக்கவும் சார்!'

'ஆயிரத்து எரநூறு. கைப்பிடியே இல்லாத பொட்டிக்கு இதே ஜாஸ்தி.'

டீ கிளாஸ் அப்படியே நின்றது...

"படத்துல கைப்பிடி தெரியுதா?" அருணாவின் குரல் தாழ்ந்தது.

"இல்லீங்க."

"எழுதியிருக்கியா?"

"இல்லீங்க."

"பேச்ச விட்டுடாத."

மிஷினுக்குச் சொல்லித்தர வேண்டுமா? 'உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு இருநூறு ரூபாய் சிறப்புத் தள்ளுபடி சார்! தங்கள் லொகேஷனை அனுப்பவும்!'

"கெடுத்துது போ," என்றாள் அருணா. "கொலகாரன் எவனாவது லொகேஷன் அனுப்..."

டிங்.

அனுப்பியிருந்தான். இருநூறு ரூபாய் அல்லவா!

பூமாலை வரைபடத்தைத் திறந்தான். புள்ளி விழுப்புரத்தில் இல்லை. திண்டிவனத்தில் இருந்தது. விரலால் பெரிதாக்கினான். மரக்காணம் சாலை. இன்னும் பெரிதாக்கினான்.

"மேடம், இது பேஜாரு பண்ணுது. நம்ம கடையையே காட்டுது."

அருணா மெல்ல வாசலைப் பார்த்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில், துக்கம் தாளாத மருமகன் ஆனந்தராஜ், உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

டிங்.

'இன்னும் ஒரு அம்பது கொற.'

சவுரிராயன் போய் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, தோளில் கைபோட்டு உள்ளே அழைத்து வந்தார். ஆனந்தராஜ் திமிறவில்லை. போனில் ரோஜாப்பூவைப் பார்த்தார்கள்; எதிரே அவனைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க, நான்தான் கேட்டேன்," என்றான் நிதானமாக. "என் மாமனார் பொட்டி. எவளோ விக்கிறா. ஞாபகார்த்தமா வாங்கலாம்னு பாத்தேன். தப்பா?"

"ஞாபகார்த்தத்துக்கு எதுக்கு ரோஜாப்பூ?" என்றார் சவுரிராயன்.

"கைப்பிடி இல்லன்னு எப்படித் தெரிஞ்சுது?" இது அருணா.

"சும்மா அடிச்சு வுட்டேன். வெல கொறைக்கணும்னா நொட்ட சொல்றதில்லியா? இவனையே கேளுங்க."

பூமாலை கணக்குப் போட்டுப் பார்த்தான். உண்மைதான். நாளைக்கு நூறு பேர் இல்லாத நொட்டையைச் சொல்கிறார்கள். வக்கீல் ஒருத்தன் இதைச் சொன்னால் போதும்... ஆனந்தராஜ் வெளியே, பூமாலை உள்ளே!

அருணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அலுப்பாகக் கொட்டாவி விட்டாள்.

"சவுரி, எழுதுங்க. மாமனார் லாண்ட்ரி எடத்த எழுதித் தரல. கோபத்துல இஸ்திரி பொட்டியால மண்டையில ஆறு தடவ..."

"ஆறா?" ஆனந்தராஜின் முகம் சுருங்கியது. தக்காளி விலை கேட்ட முகம்.

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு? ஆறுன்னா இன்னா அர்த்தம்? அநியாயமா இல்ல?"

"சரி. அஞ்சு."

"ஒண்ணுகூட இல்ல."

"ஒரே அடியில அவ்ளோ பெரிய காயமா? நாலுக்குக் கீழ நான் எழுத மாட்டேன்."

"நாலெல்லாம் ரொம்ப ஓவரு மேடம். ஒண்ணு."

"மூணு. கடைசி."

"ரெண்டுன்னு போட்டுக்குங்க மேடம். கைப்பிடி ரெண்டாவதுலியே புட்டுக்கிச்சு. அதுக்கு மேல சத்தியமா இல்ல."



சவுரிராயன் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். ஆனந்தராஜ், தான் சொன்னதைத் தானே காதால் கேட்டான்... கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ரெண்டுதான்யா," என்றாள் அருணா. "நான்தான் கொஞ்சம் ஏத்திச் சொன்னேன்."

விலங்கு மாட்டினார்கள். பெட்டியைக் காணை ஏரியில் வீசிய இடத்தை அவன் வாயாலேயே சொன்னான். அதற்கு மட்டும் பேரம் இல்லை.

பூமாலை தன் போனில் ராஜாமணியின் படத்தைத் திறந்தான். இரண்டு பல் இல்லாத சிரிப்பு. மிஷின் எழுதிய வரிகளை அழித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதல் முறையாக மிஷின் எழுதிய பொய் உண்மையாகிவிட்டிருந்தது. அதைத்தான் அவனால் படிக்க முடியவில்லை.

"ஏய்," என்றாள் அருணா, ஜீப்பில் ஏறப் போனவள் திரும்பி. "நீ சாவடிச்ச அத்தன பேரும் சாயந்தரத்துக்குள்ள உசுரோட வரணும்."

"செரிங்க மேடம்."

ஜீப்பின் பின்பக்கம், கம்பியைப் பிடித்தபடி ஆனந்தராஜ் மெதுவாகக் கேட்டான்.

"மேடம்... எத்தினி வருசம் குடுப்பாங்க? பாத்து கொஞ்சம் கொறச்சு..."

அருணா கதவை அறைந்து சாத்தினாள்.

"பேசாம உக்காருய்யா. அங்க ஃபிக்ஸட் ரேட்டு!"