அம்மனுக்கு நேர்ந்த முகக்கவசம்

தேனுகாவின் முகக்கவசம் நாறியது. ஒன்பது வயதுக்காரிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் அதைத் தோய்க்க அவள் சம்மதிக்கவில்லை.

அப்பா தயாபரனுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். "சின்னக் கிருமி போனாலும் ஆளுக்கு ஆபத்து. பக்கத்தில போறவை மாஸ்க் போட வேணும்" என்று டொக்டர் சொல்லி, உடையார்கட்டு வீட்டுக்கு அனுப்பினார். அந்தக் கிழமையே தேனுகா வற்றாப்பளை அம்மனிடம் போய், நீலத் துணிக் கவசத்தின் உட்புறத்தில் திருநீறு பூசி நேர்த்தி வைத்துவிட்டாள். அப்பா சுகமாகி வயலில் இறங்கும் வரை, சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் தவிர அதைக் கழற்றுவதில்லை. தோய்த்தால் திருநீறு போய்விடும். திருநீறு போனால்... அதற்கு மேல் நினைக்கவே அவளுக்குப் பயம்.

அம்மா இரஞ்சிதத்தின் கண்ணில் படுவதற்காக, அதே நீலத்தில் இன்னொன்றைத் தினமும் தோய்த்துக் கொடியில் போட்டாள். கெட்டிக்காரிதான்!

ஒரு மாதம் கழிந்து, ஐந்தாம் கிழமை மூக்குக்குள் புண் வந்தது. கவசத்துக்குள் விரலை விட்டுச் சொறிந்தாள். ஒருநாள் விரலில் சீழ் ஒட்டியது.

"பிள்ளை, குளிசையைத் தாம்மா" என்று அப்பா கூப்பிட்டார். பின்னேர மருந்துக் குளிசையை எடுத்துக் கொடுப்பது எப்போதும் அவள்தான்.

அறை வாசலில் நின்றுவிட்டாள். டொக்டர் சொன்ன சின்னக் கிருமி நினைவுக்கு வர, அந்த விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"என்னம்மா, அப்பாவோட கோவமோ?"

"இல்லையப்பா. நான் கிட்ட வரமாட்டன்."

அப்பாவின் முகம் வாடியது. மகளும் தன்னை ஒதுக்குகிறாள் என்று நினைத்திருப்பார். தேனுகா கிணற்றடிக்கு ஓடி, அம்மாவுக்கு முன்னால் கவசத்தைக் கழற்றினாள்.

"அம்மா, மூக்கில சீழ். நான் இதை ஒருநாளும் தோய்க்கேல்லை." நேர்த்தியையும் சொல்லி அழுதாள். "அம்மன் கோவிச்சா என்னோட கோவிக்கட்டும். அப்பாவோட வேண்டாம்."

அம்மா உடனே அவளைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே தாதி தாட்சாயினி மிஸ்ஸி பஞ்சுக் குச்சியால் மூக்கைத் துடைத்தெடுத்தார். "எல்லாற்றை மூக்கிலயும் கிருமி இருக்கும், பிள்ளை. ஒரே மாஸ்க்கை ஊத்தையோடயும் ஈரத்தோடயும் கிழமைக்கணக்காப் போட்டா அதுகள் பெருகலாம்."

"அப்பாவுக்குத் தொத்தியிருக்குமோ?"

"தெரியாது. அவரையும் சோதிப்பம்."

மிஸ்ஸி பொய் சொல்லாதது தேனுகாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

புண் ஆறும்வரை அவளைத் தண்ணீரூற்று ஊரில் சின்னம்மா வீட்டில் விட்டார்கள். மூன்றாம் நாள், அப்பாவுக்குக் காய்ச்சல் என்றும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மறித்துவிட்டார்கள் என்றும் சேதி வந்தது. அவருக்கும் அதே கிருமிதான்.

தேனுகா சோற்றைத் தொடவில்லை. "என்னாலதான், சின்னம்மா."

"உன்னாலதான்" என்றார் சின்னம்மா, அவளை மடியில் இழுத்தபடி. "நீ சொன்னதாலதான் என்ன கிருமியெண்டு முதலே தெரிஞ்சுது. காய்ச்சல் தொடங்கின உடனயே சரியான மருந்து குடுத்திட்டினம்."

பதினாறாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். பாதி ஆளாக மெலிந்திருந்தார். தேனுகாவின் புண் ஆறியிருந்தது. என்றாலும் அவள் வேலிக்கு வெளியிலேயே நின்றாள். தோய்த்துக் காய்ந்த கவசம் கையில் இருந்தது.

அப்பா யன்னலால் அவளின் மூடாத முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்தாள்.

"இரஞ்சிதம், இஞ்ச ஓடி வா!" என்று கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. "பிள்ளைக்கு விழுந்த பல் முளைச்சிட்டுது. மாஸ்க்கால நான் காணவேயில்லை!"

தேனுகா வாயை இன்னும் பெரிதாகத் திறந்து காட்டினாள்.