இன்னும் கொஞ்சம் சிரி

அந்தப் பழைய சினிமா தியேட்டருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதரை மணி. நல்ல வெயில். படம் ஓட்டுவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டதால் இப்போது அதை விழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வாசலில் 'குட்டி அழகி' என்று பேனர் தொங்கியது. ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பெண் குழந்தைகளுக்கான போட்டி.

முகத்துக்கு மேக்கப் போடுவது என் தொழில். பதினாறு வருஷமாக இதுதான் சோறு போடுகிறது. எத்தனையோ மேடைகளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாதாரணமாகத்தான் உள்ளே போனேன்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஹேர் ஸ்ப்ரே நெடி. அதற்கு அடியில், நனைந்து நனைந்து காய்ந்த திரைச்சீலையின் வாடை. பதினொரு குழந்தைகள், பதினொரு அம்மாக்கள். "அழுதா கண்ணு வீங்கிடும், தெரியுமில்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டே கொஞ்சுகிற அம்மாக்கள்.

என்னை அமர்த்தியிருந்தவள் ஒரு தையல்காரி. மகளின் வெள்ளைக் கவுனை அவளே மூன்று மாதம் உட்கார்ந்து தைத்திருந்தாள். புருஷன் பேருந்து ஓட்டுநர். இரண்டு பெட்டி, ஒரு இஸ்திரிப்பெட்டி, கவுன் உறை எல்லாவற்றையும் சுமந்து வந்து இறக்கிவிட்டு, "எங்க கல்யாணத்துக்கே இவ்வளவு மூட்டை கட்டலீங்க" என்றார். குழந்தைக்கு ஆறு வயது. பார்க்க நாலு வயதுதான் மதிக்கலாம். அதனாலேயே வீட்டில் 'கடுகு'.

கடுகுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. பொக்கை வாயோடு மேடை ஏறினால் மார்க் போய்விடும் என்று, பல் டாக்டரிடம் அளவு கொடுத்துப் பொய்ப்பல் வைத்த சின்னத் தகடு ஒன்று செய்து வாங்கியிருந்தாள் அம்மா.

"குத்துதும்மா."

"ஒரு மணி நேரம்டா தங்கம். அப்புறம் கழட்டிடலாம்."

அதை மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னாள். "ஸ்கூல்ல எந்த குரூப் போட்டோ எடுத்தாலும் என்னைக் கடைசி வரிசையிலதான் நிறுத்துவாங்கக்கா. ஒரு போட்டோல கூட என் முகம் முழுசாத் தெரியாது. இவளுக்கு அப்படி ஆகக் கூடாது."

அந்த மாதிரி ஒரு வரிசை யார் வாழ்க்கையில்தான் இல்லை?

அவள் கவுனுக்கு இஸ்திரி போட நடைவழிக்குப் போனாள். நான் வேலையை ஆரம்பித்தேன். குழந்தைக்கு எப்போதும் லேசாகத்தான் பூசுவேன். கன்னத்தில் ஒரு தீற்றல் போட்டதும் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம்."

தையல்காரிதான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பூசினேன். புருவத்தை எழுதினேன்.

"இன்னும் கொஞ்சம்."

உதட்டை வரைந்தேன். மறுபடியும் அதே குரல். சலித்துப்போய், "போதும்மா, குழந்தைதானே" என்று திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை.

நடைவழியில் இஸ்திரிப்பெட்டியின் ஆவி பறந்துகொண்டிருந்தது. தையல்காரி அங்கேதான் குனிந்து நின்றாள். பதினொரு அம்மாக்கள் கத்துகிற அறையில் எவள் குரலோ காதில் விழுந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் கடுகின் முகத்தைப் பார்த்ததும் பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். நான் அப்படி எழுதவே மாட்டேன். மெலிந்து வளைந்த புருவம், நடுவில் குவிந்த சின்ன உதடு. யாரோ ஒரு குழந்தையின் முகம் அது. எந்தக் காலத்துக் குழந்தையோ.

கடுகு கண்ணாடியில் தன்னையே பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஆன்ட்டி, இது யாரு?"

பதில் சொல்வதற்குள் அவள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா ஓடி வந்து, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கவுனை மாட்டி மேடைக்கு அனுப்பினாள்.

இந்த மாதிரிப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தை மேடையில் ஆடும்போது அம்மா சும்மா உட்கார மாட்டாள். நடுவர்களுக்குப் பின்னால் நின்று அதே ஆட்டத்தை ஆடிக் காட்டுவாள். அவள் இடுப்பில் கைவைத்தால் குழந்தையும் வைக்கும். அவள் சிரித்தால் அதுவும் சிரிக்கும். தையல்காரியும் போய் நின்றாள். அவள் புருஷன் வீடியோ எடுக்க நல்ல இடம் தேடி, மேலே பால்கனியைக் காட்டிக் காவலாளியிடம் ஏதோ கேட்பது தெரிந்தது.

"படி இடிஞ்சு போச்சு சார். மேல பாதி தரையே கிடையாது. அங்க யாரும் போறதில்ல."

பாட்டு ஆரம்பித்தது. நான் மேடையின் ஓரத் திரைக்குள் நின்றிருந்தேன்.

முதல் நாலு அடி அம்மா சொல்லிக்கொடுத்தபடி வந்தது. ஐந்தாவது அடியில் கடுகின் பார்வை மெதுவாக உயர்ந்தது. அம்மாவின் தலைக்கு மேலே. நடுவர்களுக்கு மேலே. இருட்டில் மிதந்த பால்கனிக்கு.

ஆட்டம் மாறியது.

ஒற்றை விரலைக் கன்னத்தில் பதித்து, முழங்காலை மடக்கி, கழுத்தைச் சாய்த்து, மிக மெதுவாக ஒரு சுற்று. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அத்தனை அழகு. கூடத்தில் ஒரு ஈ பறந்தால் கேட்டிருக்கும். பிறகு கைதட்டல் வெடித்தது. நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

தையல்காரியின் கைகள் மட்டும் அந்தரத்தில் நின்றுவிட்டன. அந்த அடிகளை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாட்டு முடிந்தது.

கடுகு நிறுத்தவில்லை.

இசையே இல்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பலகையில் சின்ன பூட்ஸ் மட்டும். டக். டக். டக். ஜனங்கள் சிரித்தார்கள். குழந்தைக்கு மேடை பிடித்துப்போய்விட்டது என்று மறுபடி கைதட்டினார்கள். மூன்றாவது சுற்று. நாலாவது சுற்று. கைதட்டல் குறைந்து, முணுமுணுப்பு ஆனது.

"கடுகு, போதும். வாடா கண்ணு" என்று ஓரத்திலிருந்து கூப்பிட்டேன்.

உதடு அசையாமல், சிரிப்பு மாறாமல், குரல் மட்டும் வந்தது.

"முடிஞ்சுதுன்னு அவங்க சொல்லல ஆன்ட்டி."

"யாரு?"

கண்கள் மேலேயே இருந்தன. நானும் பார்த்தேன்.

பால்கனிச் சுவருக்கு மேல் இரண்டு கைகள் தெரிந்தன.

கைகள் மட்டும்தான். வெளுத்துப்போன, மெலிந்த, ஒரு பெண்ணின் கைகள். அவை ஆடிக் காட்டிக்கொண்டிருந்தன, குழந்தையைவிட ஒரு அடி முந்தி. ஒற்றை விரல் உயர்ந்தது. கடுகின் விரல் உயர்ந்தது. பிறகு அந்த இரண்டு கைகளும் இருட்டுக்குள், ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்துக்குப் போயின. விரல்கள் வாயின் இரண்டு ஓரத்தையும் இழுப்பதுபோல் விரிந்தன.

கடுகின் வாய் விரிந்தது.

விரிந்துகொண்டே போனது.

தகடு ஈறில் குத்தி, வரைந்த உதட்டின் மேல் ரத்தம் ஒரு நூல்போல இறங்கியது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது உதட்டுச் சாயமாகத்தான் தெரிந்திருக்கும்.

பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து மேடை ஏறினாள். நடுவர்களில் ஒருவர், "அம்மா, குழந்தையைத் தொட்டா தகுதி நீக்கம் பண்ணிடுவோம். அவதான் இப்ப முன்னால இருக்கா" என்றார். அவள் காதில் வாங்கவே இல்லை. மகளின் முன்னால் மண்டியிட்டு மறைத்தாள். கடுகு தலையைச் சாய்த்து, அம்மாவைத் தாண்டி மேலே பார்த்தாள். அம்மா நகர்ந்தாள். குழந்தை மறுபக்கம் சாய்ந்தாள். யாரோ ஒரு அந்நியப் பொம்பளை வழியை மறைக்கிற மாதிரி.

தையல்காரி ஒருமுறை திரும்பிப் பால்கனியைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, எனக்குத் தெரியாது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, அழிக்கிற க்ரீமைக் குடுங்க."

டப்பாவோடு ஓடினேன். இரண்டு விரலை விட்டு அள்ளி, மகளின் முகத்தில் அப்பி, துணி தேடாமல் புடவை முந்தானையாலேயே துடைத்தாள். புருவம் போனது. உதடு போனது. வாய்க்குள் விரலை விட்டுத் தகட்டைக் கழற்றி எறிந்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்று மேலிருந்து ஒரு கிசுகிசுப்பு. கெஞ்சுகிற குரல். இந்த முறை அவளுக்கும் கேட்டது.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. மரியாதையாகவே சொன்னாள்.

"இது உங்க பொண்ணு இல்லீங்க. என்னோடது."

கடைசிப் பூச்சும் போய், பொக்கை வாயும் பிசுபிசுத்த கன்னமுமாகக் கடுகு வெளியே வந்தாள். கண்ணைச் சிமிட்டினாள். உதடு பிதுங்கியது.

"அம்மா, கால் வலிக்குது."

பிறகு அழுதாள் பாருங்கள், தியேட்டரே அதிர்கிற அழுகை. அப்படி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அப்பா ஓடி வந்து தோளில் அள்ளிக்கொண்டார். பரிசு வேறு யாருக்கோ போயிற்று. அந்த மூன்று பேரும் அதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது காவலாளி என்னிடம் மெல்லச் சொன்னார். "போன வருஷமும் ஒரு குழந்தை இப்படித்தான் இறங்க மாட்டேன்னுச்சும்மா. அதோட அம்மா கூப்பிடவே இல்ல. கப்பு நமக்குத்தான்னு நின்னு கை தட்டிட்டிருந்தாங்க."

"அப்புறம்? அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டப் போய்விட்டார்.

கடுகு நன்றாக இருக்கிறாள். புதுப்பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. அந்த வெள்ளைக் கவுனை வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டதாக அவள் அம்மா போனில் சொன்னாள். நானும் போட்டிகளுக்குப் போவதை விட்டுவிட்டேன். இப்போது ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களுக்குத் தலை வாரி, முகத்தில் எண்ணெய் வழிந்தால் ஒற்றி அனுப்ப வேண்டும். பவுடரைக்கூட அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

போன வாரம் ஒரு அப்பா தன் மகனைக் கூட்டி வந்தார். மூன்று வயது இருக்கும். ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்தோம்.

"பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாதுடா தம்பி. வாயை மூடு" என்றார் போட்டோக்காரர்.

பையன் சிரித்தான்.

"சிரிக்காதேடா செல்லம்" என்றார் அப்பா.

பையனின் சிரிப்பு இன்னும் அகன்றது. கண்ணில் மட்டும் நீர் கோத்துக்கொண்டது. அவன் கேமராவைப் பார்க்கவில்லை. சீப்பும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தான். இல்லை, எனக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரை.

"நான் சிரிக்க மாட்டேன்னுதான் சொல்றேன்" என்றான். "அந்த ஆன்ட்டிதான் விட மாட்டேங்கிறாங்க."