கட்டில் தூக்கும் ஒத்திகை

தம்பிதான் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர் வைத்தான். ஒரு பிஸ்கட்டை உடைத்தால்கூட இரண்டு பாதியும் சமமா என்று அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றை அவனிடம் நீட்டுவாள். வேறு என்ன பெயர் வைப்பான், பாவம். வீட்டில் வைத்த பெயர் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. பள்ளி விழாவுக்கு ஆறாம் வகுப்பு நாடகம் போடுவது என்று முடிவானபோது, யார் நிர்வாகி என்று டீச்சர் கேட்டார். மொத்த வகுப்பும் திரும்பி அவளைத்தான் பார்த்தது.

நிர்வாகிக்கு வேடம் கிடையாது. திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் நடத்திவைக்க வேண்டும். நாடகம் முடிந்ததும் ஒரே ஒரு நிமிடம் மேடையேறி, நடித்தவர்களின் பெயர்களை வாசிக்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் தினமும் கண்ணாடி முன் நின்று பழகியது அவளுக்கும் கண்ணாடிக்கும் மட்டும்தான் தெரியும்.

நாடகத்தில் ஐந்து காட்சிகள்: பழைய வீடு, கடை, பேருந்து நிலையம், தபால் நிலையம், புது வீடு. வேறு ஊருக்கு வீடு மாறிப் போகும் ஒரு சிறுமி, தபால் நிலையத்துக்கு வந்து பழைய தோழிக்குக் கடிதம் போடுகிறாள். கடைசிக் காட்சியில் அந்தத் தோழி புது வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவ்வளவுதான் கதை.

தபால் அலுவலராக நடிப்பவளை எல்லோரும் ‘மெல்லினம்’ என்பார்கள். குரல் அப்படி. பக்கத்தில் இருப்பவர்களே காதைக் கொடுத்தால்தான் கேட்கும். ஆனால் மூன்று வாரத்தில் ஒருநாள்கூட அவள் ஒத்திகைக்குத் தாமதமாக வந்ததில்லை. தையல் வேலை செய்யும் அவள் அம்மா, நான்கு பை வைத்துக் காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டார். லாரி ஓட்டும் அப்பா, விழா நாளன்று வண்டியைத் தொடவே மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முதல்முறையாக முழு நாடகத்தையும் ஒரே மூச்சில் நடித்துப் பார்த்தார்கள். இருபத்தெட்டு நிமிடம் ஆனது.

விழாவில் ஒரு வகுப்புக்கு இருபது நிமிடம்தான். இருபதாவது நிமிடம் தலைமையாசிரியை மணி அடிப்பார். யார் பேசிக்கொண்டிருந்தாலும் திரை விழுந்துவிடும். போன வருடம் ஒருவன் ராஜாவாகக் கிரீடம் சூடப் போகிற நேரத்தில் திரை விழுந்தது. அவன் இன்றுவரை இளவரசன்தான்.

அப்பா வேடம் போட்ட ‘மைக்’ உடனே வழி சொன்னான். மைக்கே தேவைப்படாத தொண்டை என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

“தபால் காட்சிய எடுத்துடலாம். எப்படியும் அவ பேசறது கடைசி வரிசைக்குக் கேக்காது. தோழிக்குப் போன் பண்ணிட்டோம்னு நானே ஒரு வரி சொல்லிக்கறேன்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். தன் காட்சி தப்பித்தது என்றால் யார்தான் ஆட்டமாட்டார்கள்? நிர்வாகியே முடிவு சொல்லட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டார். மெல்லினம் காக்கிச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் அழுதிருந்தால்கூட கறாருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“நாளைக்கு இன்னொரு தடவை நடிங்க. பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

மறுநாள் விளையாட்டு ஆசிரியரிடம் ஸ்டாப்வாட்ச் இரவல் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நோட்டில் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் பேசும் நேரம், மறுபக்கம் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் போகிற நேரம். நாடகம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தாள். திரும்பவும் கூட்டினாள். பிறகு கரும்பலகை முன்னால் போய் நின்றாள்.

பேச்செல்லாம் சேர்ந்து பதினேழு நிமிடம். பெயர் வாசிக்க ஒன்று. மீதிப் பத்து நிமிடமும் மேடையில் சாமான் மாற்றவே போயிருந்தது. கட்டிலை ஆறு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைப் பலகையை உள்ளே கொண்டுவந்தவர்களும் பெட்டியை வெளியே கொண்டுபோனவர்களும் வழியில் முட்டிக்கொண்டு, “நீ தள்ளு, நீ தள்ளு” என்று நின்றார்கள். மைக்கோ, எல்லோரும் கட்டிலைத் தூக்கப் பார்க்கும்போது அதன் மேலேயே உட்கார்ந்து வசனம் படித்துக்கொண்டிருந்தான்.

“பேசறதுக்கு மூணு வாரம் பழகினோம். கட்டில் தூக்க ஒருநாளாவது பழகினோமா?” என்று கேட்டாள் கறார்.

அவள் கணக்கை எழுதிக் காட்டினாள். தபால் காட்சி மூன்று நிமிடம், அதற்குச் சாமான் மாற்ற இரண்டரை நிமிடம். அதை எடுத்தாலும் இருபத்திரண்டரை வரும்.

“அப்பவும் மணி அடிச்சுடுவாங்க. அடுத்தது எத எடுக்கலாம், மைக்? உன் கடைக் காட்சியவா?”

மைக் கரும்பலகைக் கணக்கை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தான். இவ்வளவு நேரமும் தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வகுப்புக்குப் புரிந்தது.

கட்டில், பலகை, பெட்டி எல்லாம் மேடையை விட்டுப் போயின. அவற்றுக்குப் பதில் இரண்டு பெஞ்சும் ஒரு மேசையும் வந்தன. பெஞ்சுகளை ஒட்டிப் போட்டால் கட்டில், தள்ளிப் போட்டால் பேருந்து நிலையம். மேசை மேல் துணி விரித்தால் கடை, சிவப்பு அட்டையைச் சாய்த்து வைத்தால் தபால் நிலையம். கால்கள் எங்கே வர வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் குறித்தாள். தூக்குவது நான்கே பேர், யாருக்கு எது என்று பேர் எழுதி ஒட்டினாள். கதாநாயகனைக் கூலிக்காரனாக்கிவிட்டாள் என்று முணுமுணுத்தபடியே மைக் மேசையின் ஒரு முனையைப் பிடித்தான்.

நான்கு நாள் வசனமே பேசாமல் தூக்கிப் பழகினார்கள். முதல் நாள் ஒரு மாற்றத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. நான்காம் நாள் அரை நிமிடம். பதினேழும் இரண்டும் ஒன்றும் இருபது. மெல்லினத்தின் சட்டை பையை விட்டு வெளியே வந்தது.

விழா நாளில் முதல் காட்சி துல்லியமாக முடிந்தது. இரண்டாவது காட்சியில்தான் சிக்கல். என்ன வாங்க வந்தோம் என்பதையே மறந்துபோய் நாடகத்து அப்பா கடையில் திருதிருவென்று விழித்ததும் அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பைக் கேட்ட பிறகு மைக் சும்மா இருப்பானா? நாடகத்தில் இல்லாத இன்னும் மூன்று பொருள்களையும் மறந்தான். திரைக்குப் பின்னால் கறார் ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். சுளையாக ஒரு நிமிடம் போய்விட்டது.

பேருந்து நிலையக் காட்சி முடிந்ததும் மைக் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “தப்பு என்னுதுதான். இப்ப என்ன பண்றது? தபால் காட்சிய விட்டுடலாமா?”

காக்கிச் சட்டையில் மெல்லினம் அசையாமல் நின்றாள். கறாரின் கையில் பெயர்கள் எழுதிய தாள் இருந்தது. முன் வரிசையில் அவள் அம்மாவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அழுகை வரும்போல்தான் இருந்தது. ஆனால் கணக்கில் தடுமாற்றம் இல்லை. எடுக்கக்கூடிய நிமிடம், பெயர் வாசிக்கும் அந்த ஒன்றுதான். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“மேசைய எடு. தபால் நிலையம்.”

மெல்லினத்தின் முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. யாரோ “உஷ்” என்றார்கள். பேச்சு அடங்கியது, நாற்காலிச் சத்தம் நின்றது. அரங்கமே காதைத் தீட்டிக்கொண்டது. கடிதம் சரியாகப் போய்ச் சேருமா என்று சிறுமி கவலையோடு கேட்டாள்.

மெல்லினம் முத்திரையை நிதானமாகக் குத்தினாள். “என் கைக்கு வந்துடுச்சில்ல? இனிமே இது உன் கவலை இல்ல. என் வேலை.”

கடைசி வரிசையில் லாரி ஓட்டுபவர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு எல்லோருமே தட்டினார்கள். ஐந்தாம் காட்சி முடிந்து திரை விழுந்தது. அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

மறுநாள் வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து, நாடகம் எப்படிப் போனது என்று பேசினார்கள். கறார் அதற்குள் மூன்றாம் வகுப்புக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். நல்லா இருந்துச்சா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள் என்பதால், எது ஞாபகம் இருக்கு என்று கேட்டாளாம். பதினொரு பேருக்குத் தபால்கார அக்கா, ஒன்பது பேருக்கு மறதி அப்பா. பெஞ்சு மாறிய வேகம்தான் பிடித்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகம் பூரித்தது.

தன் பிழையையும் அவளே சொன்னாள். சிரிப்புக்கு நேரம் ஒதுக்காமல் விட்டது தப்பு. அடுத்த முறை அதற்கு மூன்று நிமிடம். மைக் கையைத் தூக்கினான். “பேர் வாசிக்கறத ஆரம்பத்துலயே வெச்சுடலாம் டீச்சர். அப்ப நான் எதையும் மறந்து கெடுக்க முடியாது.”

கடைசியாக மெல்லினம் எழுந்தாள். “அடுத்த நாடகத்துல எனக்கு ரெண்டு காட்சி வேணும்” என்றாள். ஜன்னலோரம் இருந்தவர்களுக்கும் நன்றாகவே கேட்டது.

கறார் நோட்டைத் திறந்து, நடுவே ஒரு கோடு போட்டாள்.

“ஒவ்வொண்ணும் எத்தனை நிமிஷம்?”