தோஹாவில் பார்த்த வீடியோ

பல்கீசின் வகுப்புக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. திருகோணமலையில் வேறெந்த ஐந்தாம் வகுப்புக்கும் அந்தப் பெருமை இல்லை என்பது அவளுடைய எண்ணம். வகுப்பாசிரியர் லாபிர் சேர் பாதிப் பிள்ளைகளைப் பேசவைத்து, வீடியோ எடுத்து அதில் போட்டிருந்தார். எத்தனை தரம் பார்க்கப்பட்டது என்று அடியில் ஓர் எண் தெரியும். இரண்டு கிழமையாக அது ஏழிலேயே நின்றது. ஏழு தரமும் பார்த்தவர் சேர்தான்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்க்கும்படி பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினார். சண்டைக் காலம். சோதனைச் சாவடிகளைத் தாண்டி யாரும் வரவில்லை.

"வீட்டாக்கள் பார்க்காட்டி ஆருக்காக எடுக்கிறது? இனி எடுக்கேல்ல," என்று சேர் மனம் சோர்ந்து சொல்லிவிட்டார்.

பக்கத்தில் இருந்த கிறிஸ்டினின் முகம் வாடிப்போனது. அவளுடைய முறை இன்னும் வரவில்லை. அவளுடைய அப்பா தோஹாவுக்குப் போய் மூன்று வருடம். அவர் பார்ப்பார் என்று பத்து நாளாகப் பேசிப் பழகியிருந்தாள். பள்ளி விட்டதும் பல்கீஸ் நேரே மாமியின் கடைக்குப் போனாள்.

மாமி உம்மு குல்சும், காசு கொடுத்துத் தொலைபேசியில் பேசும் கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வெளிநாட்டில் வேலை செய்யும் கணவன்மாரின் அழைப்புக்காக வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் நாலு மணியிலிருந்து அங்கே காத்திருப்பார்கள். கடையில் ஒரு கணினியும் இருந்தது. அதில் வீடியோவைக் காட்டலாமா என்று பல்கீஸ் கேட்டாள்.

"ஏலாது மகள். இருக்கிறது ஒரு லைன். இன்டர்நெற் போட்டா கோல் வராது. பொம்புளையள் என்னைப் பிய்ச்சுப் போடுவாங்க."

பல்கீஸ் கொஞ்சம் யோசித்தாள். "கோல் வர முந்தியே இறக்கி வைப்பம் மாமி. பிறகு லைன் தேவையில்லதானே?"

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்குத் தொடங்கினார்கள். நான்கு நிமிட வீடியோ ஆமை வேகத்தில் வந்தது. பல்கீஸ் நகத்தைக் கடித்தபடி காவல் இருந்தாள். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் முழுதாக வந்து சேர்ந்தது.

அன்று தாய்மார் கணினியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தொலைபேசி மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை. மாமிதான் பெயர் சொல்லித் தொலைபேசிக்குத் துரத்தினார். போனவர்களும் நலம் விசாரிக்கவில்லை. பல்கீஸ் எழுதிக் கொடுத்த இணைய முகவரியை எழுத்து எழுத்தாகக் கணவன்மாருக்கு வாசித்தார்கள்.

திங்கட்கிழமை அந்த எண் நாற்பத்தாறு. லாபிர் சேர் கமெராவை எடுத்து, முதலில் கிறிஸ்டினைக் கூப்பிட்டார்.

அடுத்த வெள்ளி கடைக்குக் கிறிஸ்டினின் அப்பா கோல் எடுத்தார். கிறிஸ்டின் ரிசீவரில் பல்கீசின் காதையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். வீடியோவை மூன்று தரம் பார்த்தாராம்.

"இவ்வளவு உயர்ந்திட்டியா பிள்ளை? உனக்கு வாங்கி வச்ச சட்டை இனி அளவு காணாதே. வேற வாங்கி அனுப்புறன்."

"அதையும் சேர்த்து அனுப்புங்கோ அப்பா," என்றாள் கிறிஸ்டின். "பல்கீசின்ர தங்கச்சிக்கு அளவாயிருக்கும்."